போர்த்கர்னோ கேபிள் அருங்காட்சியகம்: அப்பாவுடன் ஒரு முழு நாள்

2006-லிருந்து ஐந்து வருடம் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். எதிர்ச் சுவர் முழுக்கத் திரை. திரையில் உலக வரைபடம், கடலுக்குள் ஓடும் கேபிள்கள் எல்லாம் பச்சைக் கோடுகளாக. அதில் ஃபிளாக் என்ற கேபிளின் கோடு ஜப்பானில் கிளம்பி, ஹாங்காங், பினாங்கு, மும்பை, சூயஸ், அலெக்சாண்டிரியா என்று வளைந்து வளைந்து போய் இங்கிலாந்தின் தென்மேற்கு மூக்கில் முடியும். முடிகிற இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும்: போர்த்கர்னோ. அது ஊரா, துறைமுகமா, வெறும் கட்டடமா என்று அப்போது யோசித்ததே இல்லை. பழுதுப் பதிவேட்டில் நிரப்ப வேண்டிய ஒரு பெயர், அவ்வளவுதான்.

2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்டிரியாவுக்கு அருகே ஃபிளாக்கும் சீ-மீ-வீ 4 என்ற இன்னொரு கேபிளும் ஒரே நாளில் அறுந்தன. அன்று இரவு நான்தான் ஷிப்டில் இருந்தேன். இரண்டு பச்சைக் கோடுகள் சிவப்பாகிக் கிடக்க, லண்டனுக்குப் போக வேண்டிய போக்குவரத்தையெல்லாம் கிழக்கே திருப்பி, பசிபிக்கைத் தாண்டி, அமெரிக்கா வழியாக அனுப்பிக்கொண்டிருந்தோம். தொலைபேசி ஓயவில்லை. விடியும்போது அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கோடு அறுந்தால் இத்தனை பேர் கத்துகிறார்களே, இந்தக் கோடு நிஜத்தில் எப்படித்தான் இருக்கும் என்று முதல்முறையாக அன்றைக்குத்தான் தோன்றியது.

இப்போது பிரிஸ்டலில் இருக்கிறேன். போன செப்டம்பரில் அப்பா ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருந்தார். அவர் பாளையங்கோட்டையில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லண்டன் பார்த்தாயிற்று, அரண்மனை பார்த்தாயிற்று. "வேற எங்க போகணும்ப்பா?" என்று கேட்டால் "நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் சரிதாம்மா" என்பார். அப்போதுதான் திரையில் இருந்த அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. போய் வந்தோம். தமிழில் இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதிப் பார்க்காததால் எழுதுகிறேன்.

கார்ன்வாலின் கடைக்கோடியில், லேண்ட்ஸ் எண்ட் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் இது. பென்சன்ஸ் வரை ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்திலோ காரிலோ போக வேண்டும். கடைசி சில மைல்களுக்குச் சாலை ஒரு கார் அகலம்தான், இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பேருந்திலேயே போய்விடுங்கள். பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் கார் நிறுத்துமிடம், அதை ஒட்டியே அருங்காட்சியகம். இன்னும் கொஞ்சம் கீழே நடந்தால் கடல். பெரும்பாலானோர் கடற்கரைக்கும், குன்றின் மேல் பாறையைக் குடைந்து கட்டிய மினாக் திறந்தவெளி அரங்குக்கும்தான் வருகிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் அன்று கூட்டமே இல்லை. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

இந்த மூலைக்கு ஏன் கேபிள் வந்தது? ஜான் பெண்டர் என்ற பருத்தி வியாபாரி, இந்தியாவுக்குக் கடல் வழியாகவே தந்தி போட வேண்டும் என்று கிளம்பினார். அதற்கு முன் தரைவழித் தந்தி இருந்தது. ஆனால் பல நாடுகளைத் தாண்டி, பல கைகள் மாறி, செய்தி வந்து சேர நாட்கணக்காகும். சேரும்போது சொல்லும் சிதைந்திருக்கும். பெண்டரின் நிறுவனம் ஒன்றின் பெயரே ஃபால்மத், ஜிப்ரால்டர், மால்டா தந்தி நிறுவனம். ஃபால்மத் பெரிய துறைமுகம், அங்கேதான் கேபிளைக் கரையேற்றுவதாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தார்கள். கப்பல்கள் நங்கூரம் போடுகிற இடத்தில் கேபிள் எத்தனை நாள் பிழைக்கும்? அதனால் கப்பலே வராத இந்தச் சின்ன வளைகுடாவுக்கு மாற்றினார்கள். 1870 ஜூனில் கேபிள் கரையேறியது. லிஸ்பனுக்குப் பக்கத்தில் கார்காவெலோஸ், ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாண்டிரியா, சூயஸ், ஏடன், பம்பாய் என்று தொடர்பு முழுமையானது. பம்பாயிலிருந்து ஏடன் வரையிலான கடல் துண்டை அந்தக் காலத்தின் மிகப் பெரிய கப்பலான கிரேட் ஈஸ்டர்ன் போட்டது.

மேலே ஃபிளாக் கேபிள் போகும் ஊர்களைச் சொன்னேன் அல்லவா? அதோடு இதை வைத்துப் பாருங்கள். சூயஸ், அலெக்சாண்டிரியா, பம்பாய். ஃபிளாக் வேலை முடிந்தது 1997-ல், நீளம் சுமார் 28,000 கிலோமீட்டர். இடையில் 127 வருடம். செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது, ஆனால் பாதை கிட்டத்தட்ட அதே பாதை. இதை நான் வேலையில் இருந்த ஐந்து வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த ஊரில் வந்து நின்றபோதுதான் புரிந்தது.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். அதன் முக்கால்வாசி மதிப்பு அந்தச் சுரங்கத்தில்தான் இருக்கிறது. 1940-ல் பிரான்ஸ் விழுந்ததும் ஜெர்மன் விமானங்களுக்கு இந்த இடம் எட்டும் தூரமாகிவிட்டது. பிரிட்டிஷ் பேரரசின் செய்திகளில் பெரும்பங்கு இந்த ஒரு பள்ளத்தாக்கு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு குண்டு போதும். உடனே கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டி வந்து, கருங்கல் மலையைக் குடைந்து தந்தி நிலையத்தை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். 1941 மே மாதத்தில் அது செயல்படத் தொடங்கியது. இப்போது நாம் அதே கனத்த இரும்புக் கதவு வழியாகத்தான் உள்ளே நுழைகிறோம். குகை மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். உள்ளே ஜன்னல் இல்லாத ஒரு அரசு அலுவலகம் மாதிரி இருக்கிறது. அப்பா வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆபீஸ் மாதிரியேதான் இருக்கு" என்றார்.

அங்கே தன்னார்வலர்கள் பழைய கருவிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் எழுபது வயது இருக்கும். இந்த இடத்தைப் பார்க்கிற யாரும் இந்தச் செயல்விளக்கத்தைத் தவறவிடாதீர்கள். சுவரில் இருக்கும் பலகைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

சைஃபன் ரெக்கார்டர் என்று ஒரு கருவி. வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, 1867-ல் கண்டுபிடித்தது. ஒரு பெரிய காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிச்சுருள் தொங்குகிறது. அதோடு முடி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய் இணைந்திருக்கிறது. குழாயின் ஒரு முனை மைக்கிண்ணத்தில், மறுமுனை நகரும் காகித நாடாவைத் தொட்டும் தொடாமலும். மின்சாரம் ஒரு திசையில் வந்தால் மைக்கோடு மேலே ஏறும், எதிர்த்திசையில் வந்தால் கீழே இறங்கும். ஒன்றும் வராவிட்டால் நடுவில் நேராக ஓடும். நாடாவில் வருவது பார்ப்பதற்கு ஈ.சி.ஜி. மாதிரி இருக்கிறது.

அப்பா குனிந்து ரொம்ப நேரம் அந்த நாடாவையே பார்த்தார். அவருக்குத் தெரிந்தது தரைவழி மோர்ஸ். அதில் புள்ளி குறுகியது, கோடு நீளமானது. காதால் கேட்டே எழுதுவார்கள். இதில் எல்லா மேடும் ஒரே அளவு, எல்லாப் பள்ளமும் ஒரே அளவு. "ஏம்மா, இதுல புள்ளியும் கோடும் ஒரே நீளமா இருக்கே, எப்படிப் பிரிப்பான்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். தன்னார்வலர் விளக்கினார்: நீளமான கடல் கேபிளில் விட்ட துடிப்பு கூர்மையாகப் போய்ச் சேராது. கேபிளே மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக விடும். துடிப்பு இழுபட்டு, பரவி, அடுத்த துடிப்போடு கலந்துவிடும். நீளத்தை வைத்துப் பிரிக்க முயன்றால் வேகமே வராது. அதனால் மேலே ஏறினால் புள்ளி, கீழே இறங்கினால் கோடு என்று வைத்துக்கொண்டார்கள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "நேரத்த அளக்காம தெசைய அளந்திருக்கான்" என்றார்.

கல்லூரியில் நான்கு வருடம் படித்த எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

அப்புறம் அவரே விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். மேல், கீழ், கீழ், மேல். "பி." கொஞ்சம் இடைவெளி. கீழ், மேல், கீழ். "கே." பி.கே. என்பது இந்த நிலையத்தின் தந்திக் குறியீடு. தந்திக்காரர்களுக்கு ஊர்ப் பெயர் முழுசாக அடிக்க நேரம் கிடையாது, இரண்டு எழுத்துதான். உலகம் முழுக்க இருந்த அந்தத் தந்தி நிறுவனத்தின் வேலையாட்கள் இந்த ஊரை பி.கே. என்றே சொன்னார்கள். அருங்காட்சியகத்தின் இப்போதைய பெயரிலும் அந்த இரண்டு எழுத்து இருக்கிறது. அப்பா கவனித்துச் சொன்ன இன்னொன்று: இந்த இரண்டு எழுத்தையும் எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் அதே எழுத்துதான் வரும். நாடாவைத் தலைகீழாகப் பிடிக்காதவரை தப்பு நேராது.

பக்கத்தில் பார்வையாளர்கள் அடித்துப் பார்க்க ஒரு மோர்ஸ் கீ, அதாவது தந்தி அடிக்கும் விசை, இருந்தது. அப்பா மணிக்கட்டைத் தளர்த்தி, கட்டைவிரலையும் இரண்டு விரலையும் குமிழில் வைத்தார். அவர் கீ தொட்டு முப்பது வருடம் இருக்கும். ஜி.எம். என்று அடித்தார். காலை வணக்கத்துக்குத் தந்திக்காரர்கள் போடும் சுருக்கம் அது. முடிவில் கே. அப்படியென்றால் 'நீ அனுப்பு' என்று அர்த்தம். தன்னார்வலர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அருகே வந்து அதே கீயில் ஜி.எம். என்று திருப்பி அடித்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் பேச அவ்வளவாக வராது. அடுத்த கால் மணி நேரம் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. அப்பா எதையோ அடித்தார், அவர் சிரித்தார், அவர் எதையோ அடித்தார், அப்பா தலையை ஆட்டினார். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, "எத்தனை வருஷம் சர்வீஸ்னு கேட்டான்" என்று மட்டும் சொன்னார்.

நான் அந்த நேரத்தில் கேபிள் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் செம்பு, அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கட்டபர்ச்சா, மேலே சணல், அதற்கு மேலே இரும்புக் கம்பிகள். கட்டபர்ச்சா மலாயாவிலும் போர்னியோவிலும் வளர்ந்த ஒரு மரத்தின் பால். ரப்பர் மாதிரி கீறிக் கீறி எடுக்க முடியாது. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். சுடுதண்ணீரில் இளகும், ஆறினால் இறுகும், கடலடிக் குளிரில் பல ஆண்டுகள் கெடாது. கடல் கேபிளுக்கு அதைவிட நல்ல காப்பு அந்தக் காலத்தில் கிடையாது. ஆகவே காடு காடாக வெட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பல இடங்களில் அந்த மரமே அரிதாகிவிட்டது. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தவர்கள் இந்தப் பொருளைத் தெரியாமலே அறிவார்கள், பல்லின் வேரை இன்றைக்கும் இதை வைத்துத்தான் அடைக்கிறார்கள். அந்தத் துண்டைப் பார்க்கும்போது பெண்டரின் உருவப்படத்தைவிட, கோடாலியோடு காட்டுக்குள் போன பெயர் தெரியாத மலாய் ஆட்கள்தான் எனக்கு முக்கியமாகத் தெரிந்தார்கள். இந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் கூடுதலாக ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

கேபிள் வழித்தட வரைபடத்தில் நம் ஊரைத் தேடாமல் இருக்க முடியுமா? 1871 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடல் கேபிள் போட்டு முடித்தார்கள், அங்கிருந்து சிங்கப்பூர். அதுவும் பெண்டர் கூட்டத்தின் வேலைதான். பம்பாயில் இறங்கிய செய்தி தரைவழியாகச் சென்னை வந்து மறுபடி கடலுக்குள் இறங்கும். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் ஐ2ஐ கேபிள் வந்ததைப் பெரிய செய்தியாகப் படித்திருப்போம். அதற்கு 131 வருடம் முன்பே அந்தப் பக்கம் ஒரு கம்பி போயிருந்தது.

அதே வரைபடத்தில் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோகோஸ் தீவைக் காட்டி அப்பாவுக்கு எம்டன் கதையைச் சொன்னேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திய ஜெர்மன் கப்பல். யாராவது படுகில்லாடியாக இருந்தால் "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன். அது அழிந்த இடம் கோகோஸ். அங்கே எதற்குப் போனது? தந்தி நிலையத்தை உடைத்துக் கேபிளை அறுக்கத்தான். நவம்பர் 9 காலை எம்டனின் ஆட்கள் கரையிறங்குவதற்குள் நிலையத்து ஊழியர்கள் 'அந்நியக் கப்பல்' என்று எச்சரிக்கை அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை நொறுக்கியது. சின்ன வயதிலிருந்து எம்டன் என்று சொல்லி வந்த அப்பாவுக்கு அதை மாட்டிவிட்டது தந்திக்காரர்கள் என்பது அன்றுதான் தெரியும். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

சுரங்கத்தின் பின்பக்கம் அவசர காலத்தில் தப்பிக்கக் குடைந்த செங்குத்தான படிக்கட்டு இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். நான் மட்டும் ஏறினேன்.

சாப்பாட்டுக்குக் கையில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டு போயிருந்தோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தேநீர் உள்ளேயே கிடைக்கிறது.

பிறகு கடற்கரை. இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் போனால் அந்த இடத்தில் என்ன பார்க்கிறோம் என்பதே தெரியாது. மணல் பொடித்த சிப்பி, கிட்டத்தட்ட வெள்ளை. கடல் அன்று பச்சையும் நீலமுமாக இருந்தது. மணல் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம், நம் ஊர்ப் பம்புசெட்டு அறை அளவு. 1929-ல் கட்டிய கேபிள் குடில். ஒரு காலத்தில் பதினான்கு கேபிள்கள் இந்த ஊருக்கு வந்தன. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரிய கடல் கேபிள் நிலையம் இதுதான். அவை கடலிலிருந்து மணலுக்கு அடியில் வந்து தரைக்கம்பியோடு சேருமிடம் இந்தக் குடில். வெளியே துண்டு விரித்துப் படுத்திருந்த ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலையம் 1970-ல், சரியாக நூறு வருடத்தில், மூடப்பட்டது. கேபிள் நிற்கவில்லை. என் திரையில் இருந்த அந்த ஃபிளாக் கரையேறியதும் இந்த ஊரில்தான். கரையிலிருந்து மண்ணுக்கு அடியிலேயே போய், உள்ளே தள்ளி ஸ்கியூஜாக் என்ற இடத்தில் இருக்கும் நிலையத்தைச் சேர்கிறது. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, தேடிக்கொண்டு போகாதீர்கள். மணலில் கேபிள் எங்கே என்றும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மணலில் ஈரம் படுகிற இடம் வரை நடந்தேன். காலுக்குக் கீழே எங்கேயோ அது இருக்கிறது. 2008-ல் சிவப்பாகக் கிடந்த கோட்டின் நுனி. கண்டங்களுக்கு இடையே போகும் தகவலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படிக் கடலடியில்தான் போகிறது என்று எத்தனையோ பேருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அதற்குப் பக்கத்தில் நின்றதில்லை.

நெட்வொர்க், தொலைத்தொடர்பு வேலையில் இருக்கும் நம் ஆட்கள் இங்கிலாந்துப் பக்கம் வந்தால் இந்த ஒரு நாளை ஒதுக்குங்கள். தந்தி ஆபீஸில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூன்று மணி நேரமாவது உள்ளே வேண்டும். எல்லா மாதமும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடற்கரையிலிருந்து மேலே ஏறும் பாதை செங்குத்து, வயதானவர்களோடு போனால் அவசரப்படாதீர்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்குக்குள் என் கைபேசிக்குச் சிக்னல் வரவில்லை. மேட்டுக்கு வந்ததும் அம்மாவிடமிருந்து வரிசையாக மூன்று தவறிய அழைப்புகள். அப்பாவே வாங்கிப் பேசினார். காலையிலிருந்து எங்கே போய்விட்டீர்கள் என்று அம்மா சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

"ஆபீஸ்லதான் இருந்தேன்" என்றார் அப்பா.